‘கால் ஏதோ சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

டிஜிட்டலில் குதிரை வரைகிறவர்கள் என்னிடம் படத்தைத் திருத்தத்துக்குக் கொண்டுவரும்போது, அதைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, ‘செம, சூப்பர்’. இன்னொன்று, ‘கால் ஏதோ சரியில்லை’. முதலாவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவதுதான் ஆளைக் குழப்பிவிடுகிறது. எந்தக் கால், அதில் எந்த மூட்டு என்று தெரியாமல் நான்கையும் அழித்துவிட்டு வரைவார். சரியாக இருந்த மூன்றும் கெட்டுப்போகும்.

குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்துத்தான் பலரும் வரைகிறார்கள். அது கணுக்கால். துருத்திக்கொண்டிருப்பது குதிகால் எலும்பு. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரத் தோல் மடிப்பு தொடையோடு சேரும் இடத்தில் இருக்கிறது. முன்னங்காலில் முட்டி மாதிரித் தெரிவது நம் மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. இவ்வளவு தெரிந்தாலே கருத்துச் சொல்லும் விதம் மாறிவிடும். ‘பின்கால் கணுக்கால் தாழ்ந்திருக்கிறது, முன்கால் முட்டியைவிடச் சற்று உயரத்தில் வரட்டும்’ என்று சொன்னால் கேட்பவருக்கு வேலை பிடிபடும்.

இன்னும் நல்லது, கோடு போட்டுக் காட்டுவது. நேராக நிற்கும் குதிரையைப் பக்கவாட்டில் வரைந்திருந்தால், பிட்டத்தின் பின்முனையிலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்குங்கள். அது குதிகால் முனையைத் தொட்டு, கீழ்க்காலின் பின்விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். வெகுவாக விலகினால் பிழை எங்கே என்று அவருக்கே தெரிந்துவிடும். ஆனால் அடுத்தவர் படத்தின் மேல் வரையுமுன் அனுமதி கேளுங்கள். தனி லேயரில், அதாவது மூலப் படத்தைத் தொடாமல் அதன் மேல் விரிக்கும் தனி அடுக்கில், மெல்லிய சிவப்புக் கோட்டில் காட்டினால் போதும். முழுப் படத்தையும் உங்கள் பாணியில் தீட்டித் திருப்பிக் கொடுப்பது உதவியே இல்லை, அது உங்கள் படம்.

சொல்கிறவருக்கும் கொஞ்சம் வீட்டுப்பாடம் உண்டு. காதுகள் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொண்டிருந்தால் பிழை என்று பாயாதீர்கள், மார்வாரிக் குதிரைக்குக் காது அப்படித்தான். அரேபியக் குதிரையின் முகம் நடுவே உள்வாங்கித்தான் இருக்கும். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து நகரும் நடையும் சில இனங்களில் உண்டு. பாயும் குதிரை முன்னும் பின்னும் கால்களை விரித்துப் பறக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் அந்தக் கற்பனையை உடைத்துவிட்டன. நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும்புவது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கி ஒன்றுசேரும் கணத்தில்தான்.

‘தலை பெரிதாக இருக்கிறது’ என்பதும் அடிக்கடி வரும் குறை. சொல்வதற்கு முன் எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார் என்று கேட்டுவிடுங்கள். செல்போனை முகத்துக்கு அருகில் வைத்து எடுத்த படத்தில் தலை பெருத்து, பின்னுடல் சிறுத்துத்தான் விழும். அப்படியானால் பிழை கையில் இல்லை, தேர்ந்தெடுத்த படத்தில் இருக்கிறது.

கருத்துக் கேட்கிறவர்கள் பக்கம் நான் காணும் பெரிய குறை, கேட்கும் நேரம். பிடரி மயிரை இழை இழையாகப் போட்டு, கண்ணில் ஒளிப்புள்ளி வைத்து, பின்னணியில் சூரியனையும் இறக்கிய பிறகு ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் யாருக்குமே உண்மையைச் சொல்ல வாய் வராது. தோள்பட்டையின் சாய்வு தவறு என்று அப்போது தெரிந்து என்ன செய்ய? கச்சா வரைவிலேயே காட்டுங்கள். என்ன இனம், நிற்கிறதா ஓடுகிறதா, எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முடிந்துபோன படம்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். பார்க்கிறவர் இதில் சரிசெய்யக் கூடிய ஒன்றிரண்டைச் சொல்லிவிட்டு, மற்றதை அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்.

பலர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அவர்கள் சொல்லும் தீர்வையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தலை கனமாகத் தெரிந்தால் பல சமயம் கழுத்துதான் மெலிந்திருக்கும். படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள், கருப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள், பிறகு கை வையுங்கள்.

‘இதை ஏஐ வரைந்தது’, ‘போட்டோ மேல் வைத்துத் தேய்த்தது’ என்றெல்லாம் வீசும் ஆட்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. சந்தேகம் இருந்தால் லேயர்களைக் காட்ட முடியுமா என்று தனியாகக் கேளுங்கள். வரைகிறவர்களும் எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிடாமல் கோப்பின் ஒரு பிரதியை வைத்திருப்பது நல்லது. திருத்தும்போதும் அது கைகொடுக்கும். யாரோ சொன்னார்கள் என்று மாற்றிய காதைவிடப் பழைய காதே நன்றாக இருந்தது என்று மறுநாள் தோன்றுவது சகஜம்.