மடிக்கணினி ஏன் மடியிலேயே வர வேண்டும்?

சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் விமானம் ஏறியவர்களுக்குத் தெரியும், சேலத்துக்கு வந்து போவது ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள், தலைக்கு மேலே இருக்கும் அறையில் பெரிய சக்கரப் பை நுழையாது. அதனால் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே பையை வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். என் அக்கா மகன் பெங்களூரு போகும்போது அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். உள்ளே லேப்டாப், பவர் பேங்க் இரண்டும் இருந்திருக்கின்றன. இறங்கிய பிறகு போனில் சாதாரணமாகச் சொன்னான், எனக்குப் பகீரென்றது.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, சுற்றிலும் சுலபமாகத் தீப்பிடிக்கும் திரவம். நசுங்கியோ அடிபட்டோ அந்தச் சவ்வு கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும், சூடு ஏறும், சூடு ஏற ஏற வேதிவினை வேகமாகி இன்னும் சூட்டைக் கிளப்பும், ஒரு கட்டத்துக்கு மேல் பேட்டரியில் இருக்கும் உலோக ஆக்சைடே ஆக்சிஜனை வெளியிட ஆரம்பித்துவிடும். பெரிய விமானங்களின் சரக்கு அறையில் இருக்கும் ஹாலான் வாயு சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரியைக் குளிர வைக்காது. ஒரு செல் எரிந்த சூட்டில் பக்கத்துச் செல் பற்றும். 2010-இல் துபாயில் தீப்பிடித்து விழுந்த சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன, விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

கேபினில் என்றால் புகை வந்த நொடியே யாராவது பார்ப்பார்கள். பணியாளர்கள் தீயை அணைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், தண்ணீர்தான் சூட்டை இழுக்கும். ஐஸ் கட்டியைக் கொட்டி மூடக் கூடாது, அது போர்வை மாதிரி சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

பவர் பேங்க்கும் தனி பேட்டரியும் சரக்குப் பெட்டிக்குள் போகவே கூடாது என்பது இதனால்தான். 100 வாட்-அவர் (பேட்டரி தாங்கும் மின்னாற்றலின் அளவு) வரை அனுமதி கேட்காமலே கையில் கொண்டுபோகலாம், 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு சுலபம்: சேலம் ஐந்து ரோட்டுக் கடையில் வாங்கிய 20,000 மில்லி ஆம்பியர்-அவர் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள், 74 வாட்-அவர். 30,000 என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். லேப்டாப் பேட்டரிகள் பெரும்பாலும் 100-க்குள்தான்.

சோதனையில் லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வதற்கும் இந்தப் பேட்டரி ஒரு காரணம். எக்ஸ்-ரே திரையில் மாம்பழம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், வெள்ளிக் கொலுசு கருநீலமாகத் தெரியும். பேட்டரியும் உலோகமும் அடுக்கடுக்காக இருக்கும் லேப்டாப் அடர்த்தியான பட்டையாக விழுந்து கீழே இருப்பதை மறைத்துவிடும். எக்ஸ்-ரேயால் ஹார்டு டிஸ்க் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அழியாது.

சரி, படிக்கட்டில் பையைக் கேட்டால்? அங்கேயே திறந்து லேப்டாப்பையும் பவர் பேங்க்கையும் கையில் எடுத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். அப்புறம், உட்கார்ந்த பிறகு போன் இருக்கைக்குள் விழுந்துவிட்டால் இருக்கையைச் சாய்த்தோ அசைத்தோ தேடாதீர்கள், பணியாளரைக் கூப்பிடுங்கள். இருக்கையின் உலோகச் சட்டங்களுக்கு இடையில் போன் நசுங்கினால் கிழிவது அதே சவ்வுதான்.