மெனு பாரில் நிற்கும் குட்டி மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன?

ஆப்பிளின் மேக் கணினியில், திரையின் உச்சியில் இருக்கும் மெனு பார் என்ற பட்டையில் நிற்கும் ஒரு செயலியின் ஐகானை இன்னொரு செயலி மறைத்து வைக்க நேர்வழி கிடையாது. ஆனால் ஹிடன் பார் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்கிறது. மெனு பாரில் தன் பங்குக்கு ஒரு சின்னக் கோட்டை வைக்கிறது. மறைக்கச் சொன்னதும் அந்தக் கோடு தன் அகலத்தை ஒரேயடியாக, திரையைவிடப் பெரிதாக நீட்டிக்கொள்கிறது. நெரிசலான பெஞ்சில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் கீழே இறங்க வேண்டியதுதானே? அதேபோல, கோட்டுக்கு இடப்பக்கம் இருந்த ஐகான்கள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. அந்தச் செயலிகள் மூடப்படவில்லை, ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. எந்த ஐகான் எந்தப் பக்கம் என்பதை, கமாண்ட் விசையை அழுத்தியபடி இழுத்து நாமே அமைக்கலாம்.

2021-இல் மேக்புக் ப்ரோவில் நாட்ச் (திரையின் மேல் நடுவில் கேமராவுக்காக விட்ட வெட்டு) வந்த பிறகு இதன் தேவை கூடிவிட்டது. இடம் போதாவிட்டால் மிச்ச ஐகான்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கணினி தூங்காமல் பார்த்துக்கொள்ளும் கீப்பிங் யூ அவேக் இன்னும் எளிமையானது. மேக்கிலேயே இருக்கும் காஃபினேட் என்ற கட்டளையைத்தான் அது இயக்குகிறது. அந்தக் கட்டளை ‘இப்போது தூங்க வேண்டாம்’ என்று இயங்குதளத்திடம் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்யும். கட்டளை நின்றதும் கோரிக்கையும் தானாக ரத்தாகும். கணினி ஏன் தூங்க மறுக்கிறது என்று தெரியாவிட்டால், ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தச் செயலி தடுக்கிறது என்று அங்கே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது மேக்கி என்ற மென்பொருள். நகலெடுத்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் கிளிப்போர்டு (நகலெடுத்தது தற்காலிகமாகத் தங்கும் இடம்) மாறினால், கேட்டுவைத்த செயலிகளுக்குத் தகவல் போகும். மேக் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டே வரும். மேக்கி வழக்கமாக அரை நொடிக்கு ஒருமுறை அந்த எண்ணை மட்டும் பார்க்கிறது. எண் மாறியிருந்தால்தான் உள்ளடக்கத்தைப் படிக்கிறது. அரை நொடிக்குள் இரண்டு முறை நகலெடுத்தால் முதலாவது தப்பிப்போகலாம்.

சரி, கடவுச்சொல்லை நகலெடுத்தால்? நல்ல கடவுச்சொல் மேலாளர்கள் அதனுடன் ‘இது ரகசியம்’ என்று ஒரு குறியைச் சேர்த்து அனுப்பும், மேக்கியும் அதைச் சேமிக்காமல் விட்டுவிடும். இது செயலி எழுதுபவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு, இயங்குதளத்தின் கட்டாயம் இல்லை. அதனால் நீங்கள் பயன்படுத்தும் மேலாளரிலிருந்து ஒருமுறை நகலெடுத்து, மேக்கியின் பட்டியலில் வருகிறதா என்று கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

கணினியின் நிலவரத்தை மெனு பாரில் காட்டும் ஸ்டாட்ஸ் என்ற மென்பொருள் தரும் சிபியு (கணினியின் மையச் சில்லு) பயன்பாட்டு விழுக்காடும் கணக்குப் போட்டு எடுத்ததுதான். சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கோரும் இதுவரை எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்ற தொடர் எண்ணிக்கைதான் இயங்குதளத்திடம் இருக்கிறது. இரண்டு முறை படித்துக் கழிக்க வேண்டும். இடைவெளியில் 100 துடிப்புகள் (நேரத்தை எண்ணும் சிறு அலகுகள்) கடந்து, அதில் 80 சும்மா போனவை என்றால் பயன்பாடு 20 விழுக்காடு. அடிக்கடி படித்தால் அதற்கே பேட்டரி செலவாகும், ஆகவே இடைவெளியைச் சில நொடிகளாக வைத்துக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன அடிப்படை வேலைகளுக்குப் பெரிய அனுமதிகள் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மேக்கி, தேர்ந்தெடுத்ததைத் தானே ஒட்டுவதற்கு மட்டும் அக்சசிபிலிட்டி அனுமதி, அதாவது மற்ற செயலிகளை இயக்கும் அனுமதி, கேட்கும். மற்ற செயலிகளின் ஜன்னல்களை நகர்த்தும் ரெக்டாங்கிள் என்ற மென்பொருளும் அதைக் கேட்பது நியாயம். வெறும் எண்ணைக் காட்டும் மென்பொருள் அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.