ஸ்பீக்கர் பெட்டியில் எதற்கு ஓட்டை?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "15,000 ரூபாய்க்குள் வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் கிடைக்குமா? கடையில் பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் முன்னாலோ பின்னாலோ ஒரு ஓட்டை இருக்கிறது. அது எதற்கு? தூசி போகாதா?"

முதல் கேள்விக்குப் பதில், கிடைக்கும். ஆனால் எப்படித் தேடுவது என்று சொல்வதற்கு இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். பாட்டின் மின்னோட்டம் அதில் ஓடும்போது சுருள் முன்னும் பின்னும் நகரும், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் நகர்ந்து காற்றைத் தள்ளும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். நூறு வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

சரி, ஒரு சோதனை. பழைய டிவியிலிருந்து கழற்றிய 4 அங்குல ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) 'நம்' கேட்கும். தொப்பி, அதாவது இடப்பக்கத் தோலின் ஆழ்ந்த ஒலி, கேட்காது. இப்போது ஒரு பெரிய அட்டையில் வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரை அந்த வட்டத்தில் வைத்து அழுத்துங்கள். சட்டென்று தொப்பி வந்துவிடும். ஸ்பீக்கரும் பாட்டும் அதேதான், கூடுதலாக வந்தது ஒரு அட்டை மட்டும்.

கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் காற்று அழுந்தும் அதே நொடியில் பின்னால் காற்று தளரும். 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3000 அதிர்வு) ஒலியின் அலைநீளம் 11 செ.மீ.தான், அதனால் அதற்கு இது பெரிய பாதிப்பில்லை. 60 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். அதற்கு அந்தச் சின்னக் கூம்பு ஒரு தடையே இல்லை. முன்னால் அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் போய்விடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அட்டை அந்தச் சுற்றுவழியை நீளமாக்கியது. பெட்டி வழியையே அடைத்துவிடுகிறது.

முழுக்க மூடிய பெட்டி நல்ல பெட்டிதான். 1954இல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக வைத்து, சின்னப் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) எடுத்துக் காட்டினார். ஆனால் மூடிய பெட்டியில் கூம்பின் பின்பக்க உழைப்பு முழுவதும் உள்ளேயே வீணாகிறது. அதையும் வெளியே கொண்டுவந்து, முன்பக்க ஒலியை அழிக்காமல் அதோடு சேர்ந்துகொள்ளும்படி செய்ய முடியுமா? பெல் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் துராஸ் முடியும் என்று காட்டி 1932இல் காப்புரிமை பெற்றார். அவர் செய்தது பெட்டியில் ஓர் ஓட்டை போட்டது. அளந்து போட்ட ஓட்டை.

கடம் வாசிப்பவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பானையின் வாயை வயிற்றோடு அணைத்துக்கொள்வார், பிறகு கொஞ்சம் விலக்குவார். அந்த 'கும்' என்ற ஆழ்ந்த ஒலி ஏறி இறங்கும். பானைக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். வாய்ப் பகுதியில் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு அதிர்வெண் வந்துவிடும். வாயைக் குறுக்கினால் அது இறங்கும், விரித்தால் ஏறும். காலி பாட்டிலின் வாயில் ஊதும்போது கேட்பதும் இதுவேதான். இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் போட்டு வைத்தார்.

ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு கடம்தான். 10 லிட்டர் பெட்டியில் 5 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள குழாயைப் பொருத்தினால் அதன் சொந்த அதிர்வெண் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ். குழாயை நீளமாக்கினால் இறங்கும், பெட்டியைச் சின்னதாக்கினால் ஏறும்.

ஆனால் இழுக்கும் ஒலி எப்படித் தள்ளும் ஒலியோடு சேர்ந்துகொள்கிறது? இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் வியந்து நின்றுவிடுகிறேன். வீட்டிலேயே பார்க்கலாம். நான்கைந்து ரப்பர் பேண்டுகளைக் கோத்து, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். பூட்டு கையோடு கூடவே வரும். இப்போது வேகமாக ஆட்டுங்கள். கை மேலே போகும்போது பூட்டு கீழே போகும். இரண்டும் எதிரெதிர். அப்புறம், இந்த இரண்டு வேகத்துக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. பொறுமையாகத் தேடினால் அகப்படும். அந்த வேகத்தில் கை அசைவதே தெரியாது, பூட்டு துள்ளும்.

கைதான் கூம்பு. ரப்பர், பெட்டிக்குள் இருக்கும் காற்று. பூட்டு, குழாயில் இருக்கும் காற்று. மெதுவான அதிர்வில் கூம்பு உள்ளே போனால் குழாய்க் காற்று வெளியே வரும். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, பலன் பூஜ்யம். வேகமான அதிர்வில் பூட்டு திசை மாறியதுபோல் குழாய்க் காற்றும் திசை மாறும். கூம்பு வெளியே வரும்போது அதுவும் வெளியே வரும், இரண்டும் சேர்ந்து தள்ளும். அழிக்க வந்தது துணையாகிவிட்டது. நடுவில் இருக்கும் அந்த ஒரு அதிர்வெண்ணில் கூம்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. காதில் விழும் பேஸ் முழுவதும் ஓட்டையிலிருந்து வருகிறது.

நம்புவதற்குக் கடினமாக இருந்தால், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைவாக வைத்து 100 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். கூம்பின் மேல் விரல் நுனியை லேசாக வையுங்கள், ஓட்டைக்கு முன்னால் ஒரு ஊதுபத்தி. என் வீட்டுப் பெட்டியில் 55 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது விரலுக்கடியில் அதிர்வு அடங்கிப்போகிறது, அதே நேரம் ஓட்டையிலிருந்து அடிக்கும் காற்றில் ஊதுபத்திப் புகை சிதறுகிறது. இன்னும் கீழே 40க்குப் போனால் கூம்பு மறுபடி ஆட ஆரம்பிக்கும், இந்த முறை மிக அதிகமாக. பிடிமானம் போய்விட்டது. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், சுருள் கெட்டுவிடும்.

இதற்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? அதிர்வெண் பாதியாகும்போது, அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். அவ்வளவு தூரம் கோணாமல் நகரக்கூடிய வூஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர்) செய்யச் செலவாகும். அந்த வேலையைக் காற்றே செய்துவிட்டால் சாதாரண 5 அங்குல வூஃபர் போதும். எவ்வளவு பெட்டி, எவ்வளவு குழாய் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் வழி சொன்னார், ரிச்சர்ட் ஸ்மால் 70களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். வூஃபரின் சில எண்களை அளந்துவிட்டால் மீதியெல்லாம் கணக்குதான். இன்று அந்தக் கணக்கைப் போட இலவச மென்பொருள் இருக்கிறது. ஆழமான பேஸுக்குத் தேவைப்படும் கூடுதல் பொருள் அரை அடி பி.வி.சி. குழாய்.

அதனால்தான் குறைந்த விலையில் நல்ல ஸ்பீக்கர் சாத்தியம். அதே காரணத்தால் மோசமான ஸ்பீக்கரும் சாத்தியம். வேண்டுமென்றே பெட்டியின் சொந்த அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துவிட்டால் கடையில் 'தும் தும்' என்று அதிரும், வாங்குபவர் அசந்துபோவார். வீட்டுக்கு வந்தபின் எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே 'தும்'. பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கி வரும் பாட்டு ஒன்றைக் கடையில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒரு ஸ்வரம் மட்டும் எகிறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அது எந்த அளவீட்டு முறைக்கும் கட்டுப்படாத எண். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) என்பதைப் பாருங்கள். மூன்று டெசிபெல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டில் அதே சத்தம் வரும். 87 டெசிபெல் உள்ள ஒரு ஜோடிக்கு, நம் வீட்டு ஹாலில், இரண்டு மூன்று வாட்டே தாராளம்.

என் யோசனை: சவுண்ட்பாரும் ஐந்து பெட்டி ஹோம் தியேட்டரும் இந்த விலையில் வேண்டாம். அதே பணத்தை ஐந்தாகப் பங்கு போட்டால் ஒன்றும் உருப்படியாக இருக்காது. வூஃபரும் ட்வீட்டரும் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) உள்ள இரண்டு பெட்டி, செகண்ட் ஹேண்டாக. கூடவே சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்று. சென்னை என்றால் ரிச்சி தெருவில் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

பழையது வாங்கும்போது முதலில் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ரப்பர் விளிம்பு பல வருடம் உழைக்கும். ஸ்பாஞ்ச் விளிம்பு நம் ஊர் ஈரக்காற்றில் மக்கிப்போகும். நான் ஆசையாக வாங்கிவந்த ஒரு ஜோடியில், வீட்டில் துணியால் துடைத்தபோதே விளிம்பு கருப்புப் பொடியாக உதிர்ந்தது. புது விளிம்பு ஒட்ட முடியும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்து, நான்கு விரலையும் கூம்பைச் சுற்றி வைத்து மெல்ல அழுத்துங்கள். 'சர்' என்று உரசினால் சுருள் கெட்டுவிட்டது. ஒரு பென்சில் பேட்டரியைப் பின்னால் இருக்கும் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்தால் வூஃபர் வெளியே எகிற வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் எகிறுகிறதா என்று பாருங்கள். ஒன்றில் கம்பி மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குப் பேஸ் காணாமல் போய்விடும்.

கம்பி என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தங்க முலாம், அரிய செம்பு என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஸ்பீக்கர் கேபிள் வெறும் மூடநம்பிக்கை. வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி 5 மீட்டருக்குப் போய்த் திரும்பினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.12 ஓம்தான். ஸ்பீக்கர் 8 ஓம். வித்தியாசம் காதுக்கு எட்டாது. அந்தப் பணத்தைக் கேபிளில் போட்ட நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காது ஏமாறுவது இயல்பு. கனடாவில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது எதுவென்று தெரியாமல் கேட்கச் சொன்னால், மனிதர்களின் தேர்வு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. எந்த அதிர்வெண்ணையும் தூக்காமல் அமுக்காமல், பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதையே பிடிக்கிறது என்கிறார்கள். டூலும் அவரது சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், திரையை எடுத்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. கண் காதை மீறிவிடுகிறது. டூலின் தொடக்ககால ஆய்வு நடந்தது ஒட்டாவாவில், கனடா அரசின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், மக்கள் வரிப்பணத்தில். அங்கிருந்த எதிரொலியற்ற அறையைப் பாரடைம், பி.எஸ்.பி. போன்ற உள்ளூர் நிறுவனங்களும் பயன்படுத்தி, நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் நல்ல ஸ்பீக்கர் செய்தன. மிருதங்கத்தின் இயற்பியலை சி.வி. ராமன் ஆராய்ந்து 1920இலேயே வெளியிட்ட நாடு இது. கோவையிலோ சென்னையிலோ, சிறு தயாரிப்பாளர் குறைந்த கட்டணத்தில் வந்து அளந்துகொள்ளும் ஒலி ஆய்வறை ஒன்றை அரசு கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸ்பீக்கர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பெட்டியை ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் பெருகும், ஆனால் குழம்பும். ஒரு பெட்டியை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் தலையை அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கே பேஸ் தெளிவாக இருக்கிறதோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி எந்தத் திசையில் போனாலும் பாதை அதேதான் என்பதால் இது பலிக்கிறது.

சின்ன வீடு, சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும், பேஸ் 'கும்' என்று அடைக்கிறது என்றால், ஒரு பருத்தி சாக்ஸைச் சுருட்டி அந்த ஓட்டையில் செருகுங்கள். துராஸின் பெட்டி ஏறத்தாழ வில்சரின் பெட்டியாகிவிடும். ஆழம் கொஞ்சம் குறையும், தொப்பியின் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். சாக்ஸை முழுக்க உள்ளே தள்ளிவிடாமல் நுனி வெளியே தெரியும்படி விடுங்கள், பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.