இரண்டு பணியிடங்களும் இன்னும் சொல்லாத ஒரு செய்தியும்

சென்னையில் மனிதவளத் துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஓர் ஏப்ரல் 20 அன்று மதியம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பெண், நிறுவனத்துக்குள்ளேயே விண்ணப்பிக்கும் பணியிடங்களைப் பற்றித்தான் முதலில் பேசினார். ஊழியர்கள் ஐஜேபி என்று சொல்லும் அந்த அறிவிப்பில் இரண்டு இடங்கள் அவருக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தன. பேச்சின் நடுவே கைப்பையிலிருந்து உலர்ந்த நெல்லிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “பத்து வாரம் ஆகுது மேடம். மூணு மாசம் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க” என்றார். அவர் சொன்னதை நான் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

முதல் இடம், அவர் இருந்த குழுவிலேயே தலைமைப் பொறுப்பு. மேலாளர் பழகியவர், ஆனால் இரவு பதினொரு மணி வரை ஷிஃப்ட். இரண்டாவது புதிய பிரிவு. பகல் வேலை, ஒரு படி உயர்ந்த பதவி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுப் பயணம். வீட்டார் எல்லோரும் பழகிய இடமே போதும் என்றார்கள். இப்படி என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர், கர்ப்ப காலத்துக்கு எது இலகுவானது என்று மட்டுமே பார்க்கிறார்கள். கர்ப்பம் சில மாதங்களில் முடிந்துவிடும். கைக்குழந்தையோடு திரும்பி வந்து உட்காரும் நாற்காலி பல ஆண்டுகளுக்கு உரியது. ஆகவே திரும்பி வரும் மாதத்தில் அந்த வேலை எப்படி இருக்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கும்படி சொல்லுவேன்.

நாள்காட்டியை எடுத்து எண்ணினோம். நவம்பர் 16 பிரசவத் தேதி. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வாரம் என்றும், அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் என்றும் ஆனது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த அளவையே வைத்திருக்கிறது. முதல் பிரசவம் என்பதால் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். செப்டம்பர் 21-இல் விடுப்பு தொடங்கினால் மார்ச் நான்காம் வாரத்தில் திரும்ப வேண்டும். அப்போது நான்கு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் பார்ப்பது எப்படி என்று கேட்டேன். அவர் நாள்காட்டியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலர் கவனிக்கத் தவறும் இரண்டு விஷயங்கள் உண்டு. விடுப்புக்கால ஊதியம், விடுப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று நாள்காட்டி மாதங்களில் பெற்ற ஊதியத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எனவே உயர்ந்த சம்பளம் ஜூன் 1 முதல் அமலுக்கு வருகிறதா, ஆகஸ்டில் வருகிறதா என்பதில் ஆறு மாதப் பணத்தின் அளவே மாறும். அடுத்தது, குழுமத்துக்குள் மாற்றம் என்றாலும் நியமனக் கடிதம் வேறொரு துணை நிறுவனத்தின் பெயரில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பயனைக் கோரும் அந்த முதலாளியிடம் பார்த்த வேலையைப் பொறுத்தது. பணித்தொடர்ச்சி காக்கப்படும் என்று கடிதத்தில் ஒரு வரி கேட்டு வாங்குவது நல்லது.

நேர்காணலில் கர்ப்பத்தைச் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பக்கம் அமர்ந்திருப்பவள் என்றாலும் இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனெனில் முன்கூட்டியே சொன்னதால், காரணம் எதுவும் எழுத்தில் இல்லாமலேயே வாய்ப்பு வேறொருவருக்குப் போனதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். வேலை நேரம், முதல் ஆண்டில் பயணம் வரும் மாதங்கள், குழுவில் எத்தனை பேர், ஒருவர் இல்லாதபோது பொறுப்பை யார் பார்ப்பார் ஆகியவை எந்த விண்ணப்பதாரரும் கேட்கக்கூடிய கேள்விகள்; செய்தியை வெளியிடாமலேயே வேண்டிய விவரம் கிடைத்துவிடும். கடிதம் கைக்கு வந்தபின், பயணங்களும் பொறுப்புகளும் திட்டமிடப்படும் முன் மேலாளரிடம் சொல்லிவிடுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம் என்பது என் கருத்து.

அவர் அப்படியே கேட்டார். முதல் பயணம் ஜனவரியில்தான் என்று தெரிந்ததும் புதிய பிரிவையே தேர்ந்தெடுத்தார். ஜூன் 1 என்ற தேதி கடிதத்தில் வந்தது. மே 18 அன்று, பதினான்காம் வாரத்தில், புதிய மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு அன்று மாலையே மின்னஞ்சலும் அனுப்பினார். 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் எங்கே, எந்த நேரங்களில் போய்ப் பார்க்கலாம் என்றும் அதிலேயே கேட்டிருந்தார். மேலாளர் ஜனவரிப் பயணத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, ஏப்ரல் பயணத்துக்கு எதிரே அவர் பெயரைக் கேள்விக்குறியோடு எழுதி, திரும்பி வந்தபின் அவரே முடிவு செய்யட்டும் என்று பதில் எழுதினார்.