மணிபூரகத்தில் அடைப்பா?

"அம்மாவுக்கு மூன்று வாரமாக மேல்வயிற்றில் வலி. சக்கர ஹீலிங் செய்யும் ஒரு இடத்துக்குப் போய்வந்தார். மணிபூரகத்தில் அடைப்பு இருக்கிறது, பன்னிரண்டு சிட்டிங் வரவேண்டும் என்கிறார்கள். மணிபூரகம் என்பது அறிவியல்படி சோலார் பிளெக்ஸஸ் என்ற நரம்புப் பின்னல்தானாம். இதில் எவ்வளவு உண்மை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அவருக்கு அன்றைக்கே தனியாக ஒரு வரி எழுதிவிட்டேன்: மூன்று வாரமாக விடாத வயிற்றுவலி என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள், ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள், சக்கரம் எங்கேயும் ஓடிவிடாது. இப்போது மீதிப் பதில். சக்கரங்கள் என்பவை முதுகெலும்பு நெடுக அடுக்கியிருப்பதாக யோக மரபு சொல்லும் சக்தி மையங்கள். அவற்றில் நாபிப் பக்கம் இருப்பது மணிபூரகம்.

சோலார் பிளெக்ஸஸ் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், பெருந்தமனியின் முன்பக்கத்தை ஒட்டி, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும் நரம்புப் பின்னல் அது. சூரியக் கதிர்கள் போல நாலாபக்கமும் இழைகள் விரிவதால் அந்தப் பெயர். பள்ளியில் படித்த தன்னியக்க நரம்பு மண்டலம் நினைவிருக்கும். ஆபத்து என்றால் உடலை முடுக்கிவிடுவது பரிவு நரம்புகள். சோறு செரிக்க, படுத்துறங்க இறக்கிவிடுவது எதிர்ப்பரிவு நரம்புகள். இரண்டு கூட்டத்தின் இழைகளும் இங்கே வந்து கலந்து வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளுக்குப் பிரிந்து போகின்றன. நெஞ்சில் இதயப் பின்னல், அடிவயிற்றில் வேறொன்று என்று இப்படிப் பல உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. கணையப் புற்றுநோயில் வலி தாங்கமுடியாமல் போகும்போது மருத்துவர்கள் இதே பின்னலைத் தேடி ஊசியால் ஆல்கஹாலைச் செலுத்தி, அது வழியாகப் போகும் வலிச் செய்தியை நிறுத்துகிறார்கள். அதாவது இந்தப் பின்னலுக்கு உண்மையிலேயே அடைப்பு ஏற்பட்டால் வலி குறையும்! ஹீலிங் மையத்துக்காரர் சொன்னதற்கு நேர்த் தலைகீழ்.

சரி, சக்கரத்தையும் பின்னலையும் யார் முடிச்சுப் போட்டது? பழைய நூல்கள் போடவில்லை. இன்று உலகம் முழுக்கச் சுவரில் மாட்டியிருக்கும் சக்கரப் படத்துக்கு மூலம், வங்காளத்தில் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். அதை 1919-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் வுட்ரஃப். நரம்புப் பின்னலும் சக்கரமும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையை யார் படித்தார்கள்? 1927-இல் பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே, முதுகெலும்பின் அடியில் பாம்பாகச் சுருண்டிருப்பதாகச் சொல்லும் குண்டலினி சக்தி, மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வலப்பக்க வேகஸ் நரம்புதான் என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். முதுகெலும்பின் இரு பக்கமும் பரிவு நரம்புச் சங்கிலிகள் இரண்டு மேலிருந்து கீழாக ஓடுகின்றன. உடற்கூற்றியல் படத்தில் பார்த்தால் யோக நூல்கள் சொல்லும் இடகலை, பிங்கலை நாடிகள் இவைதான் என்று சொல்லத் தோன்றத்தான் செய்யும். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

அறுத்தே பார்த்தவரும் ஒருவர் உண்டு. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி இளம் துறவியாகக் கங்கைக் கரையில் திரிந்துகொண்டிருந்த 1850-களில் ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வந்ததாம். இறங்கி இழுத்து வந்து, கத்தியால் அறுத்து, தன் கையிலிருந்த நூல்களில் சக்கரங்களைப் பற்றி எழுதியிருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்றும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு சேர்த்து ஆற்றில் விட்டேன் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மனிதர் மீது வேறு விஷயங்களில் என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒரு காரியத்துக்காக எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நூல்களைக் கிழித்திருக்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது. தேடவேண்டிய இடம் அதுவல்ல. இதழ்களை எண்ணிப் பாருங்கள்: மூலாதாரத்துக்கு 4, சுவாதிட்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2. மொத்தம் 50. சமஸ்கிருத எழுத்துகள் ஐம்பது. இதழுக்கு ஒன்றாக அவற்றை உட்காரவைத்திருக்கிறார்கள். ஆக, பத்து இதழ் என்றால் பத்து நரம்பு என்று பொருளில்லை. தியானம் செய்பவர் மனத்துக்குள் எழுத்துகளை வரிசையாக நிறுத்திக்கொள்ளப் போட்ட கோலம் அது. திபெத்திய மரபுகளில் நான்கு, ஐந்து சக்கரங்களோடு முடித்துக்கொள்பவர்களும் உண்டு. உடலில் இருக்கும் உறுப்பு என்றால் ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறுமா? ஈரல் எல்லோருக்கும் ஒன்றுதான். நிறங்களும் அப்படியே. 1577-ஆம் ஆண்டு நூலில் ஆக்ஞை நிலா மாதிரி வெள்ளை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் வரிசை சென்ற நூற்றாண்டில் மேற்கே சேர்ந்தது.

நம் ஊர் ஆதாரத் தலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. அதே படத்தை உடலின் மேல் விரித்ததுபோல நாட்டின் மேலும் விரித்துவிட்டார்கள். திருவண்ணாமலையைத் தோண்டி யாரும் நரம்புப் பின்னலைத் தேடவில்லை. உடம்பில் மட்டும் ஏன் தேடவேண்டும்?

இருந்தாலும், பயம் வந்தால் வயிற்றைக் கலக்குவதும் துக்கம் தொண்டையை அடைப்பதும் பொய்யில்லையே என்று கேட்பீர்கள். பொய்யில்லை. உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குப் போகும் தகவல் மிக மங்கலானது. விரல் நுனியில் முள் குத்தினால் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்லலாம். குடலில் வலித்தால் "இங்கே எங்கேயோ" என்று உள்ளங்கையால் வட்டம் போட்டுத்தான் காட்ட முடியும். குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் அது வீங்கத் தொடங்கும்போது வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தெரியும். குடல்வாலிலிருந்து வரும் நரம்புகளும் தொப்புள் தோலிலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் நுழைகின்றன. மூளைக்குத் தோல்தான் பழக்கப்பட்ட முகவரி. அதனால் தொப்புள் என்று முடிவு கட்டிவிடுகிறது. மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே குளறுபடிதான். நாபியில் வலி என்று வருபவரிடம் மணிபூரகம் என்று சொல்லிப் படுக்கவைத்துக் கையை அசைத்துக்கொண்டிருந்தால், அதற்குள் குடல்வால் வெடித்துவிடலாம். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். மற்றதெல்லாம் நம்பிக்கை சார்ந்தது, அவரவர் விருப்பம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். விநாயகர் அகவலில் ஔவை, "மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே" என்கிறார். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, அடுப்பை யாரோ காலால் உதைப்பதாக நினைத்துக்கொள்வேன். கால் என்றால் காற்று, மூச்சு என்று தமிழாசிரியர் சொன்ன பிறகுதான் விளங்கியது. கனல் எங்கே இருக்கிறது என்று எந்தக் கருவியாலும் காட்ட முடியாது. ஆனால் அந்தக் 'கால்' நரம்பு மண்டலத்தை என்ன செய்கிறது என்பதை உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம்.

பெருவிரலுக்குக் கீழே நாடியைப் பிடியுங்கள். ஐந்து எண்ணும்வரை மூச்சை மெல்ல இழுங்கள், ஐந்து எண்ணும்வரை விடுங்கள். நாலைந்து முறை செய்தால் போதும். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது இடைவெளி விட்டு வரும். இதய நோய் இல்லை, பயப்படாதீர்கள். நலமாக இருப்பதன் அடையாளம்.

நடப்பது இதுதான். இதயத்துக்குத் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் மேற்பகுதியில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு தானே துடிப்பை எழுப்பும். அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 70 பக்கம்தான். மீதியைப் பிடித்து நிறுத்துவது வேகஸ். மூளையடியிலுள்ள முகுளத்திலிருந்து கிளம்பிக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றும் பத்தாவது கபால நரம்பு. லத்தீனில் அந்தப் பெயருக்கே அலைவது என்றுதான் பொருள். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த நரம்பு அறுபட்டிருக்கும். அவர்கள் நாடி ஓய்விலும் 90, 100 என்று ஓடும். மூச்சோடு கூடிக் குறையும் அந்த ஆட்டமும் அவர்களிடம் அநேகமாக இருக்காது.

கணுவின் ஒவ்வொரு செல்லையும் தண்ணீர்க் குடமாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது; விளிம்பு தொட்டதும் ஒரு துடிப்பு, குடம் காலி, மறுபடி நிரம்பும். வேகஸின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் கசியும்போது செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் திறக்கின்றன. குடத்தின் அடியில் ஓட்டை போட்டதுபோல. நிரம்ப நேரமாகிறது, துடிப்பு தள்ளிப்போகிறது. இதில் என்ன அழகு என்றால், அந்த அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி அங்கேயே காத்திருக்கிறது. வேகஸ் வாயை மூடிய மறுகணம் ஓட்டையும் அடைபட்டுவிடும். பரிவு நரம்புகளின் வேலை இவ்வளவு சட்டென்று நடக்காது, பல நொடி எடுக்கும். ஒரே மூச்சுக்குள் பிரேக் போட்டு எடுக்க வேகஸால்தான் முடியும். முகுளத்தில் மூச்சைக் கவனிக்கும் செல்களும் இதயத்துக்குப் போகும் வேகஸ் செல்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மூச்சு உள்ளே போகும்போது முன்னவை பின்னவற்றை அடக்கிவிடும். பிரேக் தளரும். வெளியே விடும்போது மறுபடி பிடிக்கும்.

அசிட்டைல்கோலின் கதையும் சுவையானது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லூவி ஒரு கனவில் பரிசோதனை ஒன்றைக் கண்டு, பாதி இரவில் எழுந்து கிறுக்கிவைத்தார். காலையில் தன் கையெழுத்தே புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, இந்த முறை எழுதவில்லை, நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸைத் தூண்ட அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்று நேரடியாகக் காட்டிய அந்த ஆய்வு 1921-இல் வெளிவந்தது, 1936-இல் நோபல் பரிசு. கனவில் ஞானம் வந்தது என்று விட்டுவிடாமல் தவளையை வைத்துச் சரிபார்த்தார் பாருங்கள், அது முக்கியம்.

மூச்சு ஏன் ஐந்து எண்ணிக்கை? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் ஏறினால் இதயத்தை அடக்கச் சொல்லும், இறங்கினால் விரட்டச் சொல்லும். ஆனால் சொல்லிக் காரியம் நடந்து அழுத்தம் மாற ஏறக்குறைய ஐந்து நொடி ஆகும். குளியலறை ஹீட்டரில் குழாயைத் திருப்பிய பிறகு சுடுதண்ணீர் தாமதமாக வருவதும், நாம் அவசரப்பட்டுத் திருப்பித் திருப்பிச் சூடும் குளிருமாக அவதிப்படுவதும் போல, இந்த ஏற்பாடும் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை தானே ஊசலாடும் இயல்புடையது. பத்து நொடிக்கு ஒரு மூச்சு விட்டால், ஊஞ்சல் திரும்பும் சரியான கணத்தில் தள்ளியதுபோல ஆகிறது. வீச்சு பெரிதாகிறது.

இத்தாலியின் பவியாவைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் இதை 2001-இல் அழகாகக் காட்டினார்கள். நலமான 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள்; அப்புறம் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரம். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது, ரத்த அழுத்த அனிச்சைச் செயல் கூர்மையானது. மரியாளும் போதிசத்துவரும் ஒரே தாளத்தில் வந்து நின்றார்கள். 23 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், இதனால் எந்த நோயும் தீர்ந்ததாக அவர்கள் சொல்லவும் இல்லை. 'வேகஸைத் தூண்டினால் சகலமும் குணம்' என்று இப்போது விற்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு ஹீலிங் மையத்துக்கு நானும் போனேன். உள்ளங்கையை உலோகத் தட்டில் வைக்கச் சொல்லி, மேலே சொன்ன ஆறோடு உச்சந்தலையின் சகஸ்ராரத்தையும் சேர்த்து ஏழு சக்கரங்களின் சதவீதத்தை வண்ணத்தில் அச்சடித்துத் தந்தார்கள். அநாகதம் மிக மோசம். கை கழுவி, துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டேன். அநாகதம் தேறிவிட்டது, விசுத்தி படுத்துவிட்டது. அந்த மாதிரி தட்டால் அளக்க முடிவது தோலின் மின்தடையை, அதாவது வியர்வையை. பணம் திரும்ப வரவில்லை. ஆனாலும் அரையிருட்டில் இருபது நிமிடம் படுத்து, நிதானமாக மூச்சு விட்டு, ஒருவர் அக்கறையாகப் பேசக் கேட்டதில் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்துக்குக் காரணம் மேலே சொன்னதுதான். அதற்கு 2,500 ரூபாய் அதிகம்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2015-இல் 'சத்யம்' என்ற பெயரில் யோகா, தியான ஆய்வுகளுக்கு நிதி தரத் தொடங்கியபோது பலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. எதை எவ்வளவு செய்தால் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்கும் ஆய்வுக்கு இன்னும்கூடக் கொடுக்கலாம். முன்னோர் சொன்னது சரி என்று நிரூபிக்கக் கிளம்பும் ஆய்வுக்கு ஒரு காசும் வேண்டாம். பூர்ணானந்தருக்கு நம் ஸ்கேன் மெஷினின் கையெழுத்து எதற்கு?

இதை எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டில் எல்லோர் கையையும் பிடித்துப் பார்த்தேன். மாமனாருக்கு 78. எவ்வளவு மெதுவாக மூச்சு விட்டும் துடிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வயது ஏற ஏற இந்த ஆட்டம் குறைந்துகொண்டே போகும், அவருக்கு அதைச் சொல்லவில்லை. மகளுக்கு ஒன்பது. அவள் மூச்சை இழுத்ததும் என் விரலுக்குக் கீழே தடதடவென்று ஓடியது. விட்டதும் ஒரு துடிப்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று, இன்னும் பெரிய இடைவெளி. "நின்னுடுச்சாப்பா?" என்றாள். "இல்லை, இழு" என்றேன்.