வெள்ளித் தகடுதானே என்று விபூதி போட்டுத் துடைக்காதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. இந்தத் தடவை விபூதி. இதற்கு முன்னால் பல்பொடி, அதற்கும் முன்னால் வெள்ளிப் பாத்திரம் தேய்க்கிற திரவம். பழைய புகைப்படங்களைச் செப்பனிடுவதுதான் என் பிழைப்பு, அதனால் கெட்டுப்போன படத்தைப் பார்த்து மனசு கலங்குகிற கட்டத்தை எல்லாம் தாண்டியாகிவிட்டது. ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தாங்கி வந்த ஒன்றை, ஆசை ஆசையாக ஏலத்தில் எடுத்த மனிதரே ஒரு மதியத்தில் துடைத்து அழித்துவிட்டு, "கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா சார்?" என்று கேட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

வந்தது ஒரு டாகரோடைப், அதாவது உலோகத் தகட்டில் எடுத்த பழங்காலப் புகைப்படம். 1850-களில் அமெரிக்காவில் எடுத்தது. உள்ளங்கையில் அடங்குகிற தோல் பெட்டி, உள்ளே பித்தளைச் சட்டம், கண்ணாடி, அதற்கு அடியில் வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு. இந்த மாதிரிப் படங்களை இணைய ஏலத்தில் வாங்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள், நல்ல விஷயம்தான். தகட்டின் ஓரமெல்லாம் நீலமும் பழுப்புமாகக் கறுத்திருந்ததாம். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தால் என்ன செய்வோம்? அதையேதான் செய்திருக்கிறார். சுற்றியிருந்த காகித நாடாவை பிளேடால் கீறி, தகட்டை வெளியே எடுத்து, ஈரப் பஞ்சில் விபூதி தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்திருக்கிறார். இப்போது தகடு நன்றாகப் பளபளக்கிறது. அதில் முகம் தெரிகிறது, பார்க்கிறவர் முகம்.

"வெள்ளி என்றால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்" என்பது குத்துவிளக்குக்குச் சரி. விளக்கில் ஒவ்வொரு தேய்ப்புக்கும் துளி வெள்ளி போகத்தான் செய்கிறது, கனமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். டாகரோடைப்பில் போவதற்கு அப்படி எதுவும் மிச்சம் கிடையாது. தகட்டைக் கண்ணாடி போல மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து எடுத்த பிறகு, சூடான பாதரச ஆவியில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடங்களில் வெள்ளியும் பாதரசமும் கலந்த துகள்கள் உண்டாகும், மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பொடி. அந்தத் துகள் கூட்டம்தான் நெற்றி, கன்னம், சட்டைக் காலர் எல்லாம். துகள் படாத வெறும் மெருகுத் தகடு நிழலாகத் தெரியும். மேலே வார்னிஷும் கிடையாது, ஜெலட்டினும் கிடையாது. வாசலில் போட்ட கோலம் மாதிரி படம் மேலாகக் கிடக்கிறது. 1840-ல் ஃபிஸோ என்ற பிரெஞ்சுக்காரர் தங்க உப்புக் கரைசலால் அதைக் கொஞ்சம் உறுதியாக்கும் வழி கண்டுபிடித்தார், அப்படி உறுதியாக்கிய தகட்டிலும் விரலால் இழுத்தால் கோடு விழும். விபூதி எல்லாம் தேவையே இல்லை, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி போதும்.

இன்னும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஓரத்தில் தெரிகிற அந்தக் கறுப்பை அழுக்கு என்று எண்ணாதீர்கள். காற்றில் இருக்கிற கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம் அது, அதாவது தகட்டின் வெள்ளியே ஒரு பகுதி அப்படி மாறியிருக்கிறது. அதைச் சுரண்டினால் படத்தைத்தான் சுரண்டுகிறீர்கள். "மெதுவாகத்தான் சார் துடைத்தேன்" என்பார்கள். மெதுவாகத் துடைத்தால் மெதுவாக அழியும். நெகட்டிவ் இருக்குமே, இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாமே என்றும் கேட்டவர்கள் உண்டு. டாகரோடைப்புக்கு நெகட்டிவே கிடையாது. கேமராவுக்குள் போன தகடுதான் கையில் இருக்கும் படம். உலகத்தில் அது ஒன்றுதான்.

கறுத்துப் போனதற்காவது நம்பிக்கை உண்டு. 2018-ல் கனடா ஆய்வாளர்கள், கறுப்பு ஏறி எதுவுமே தெரியாமல் இருந்த தகடுகளை சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். படலத்துக்கு அடியில் பாதரசம் எங்கெங்கே இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகப் பதிவு செய்ததில் மனித முகங்கள் தெரிந்தன. கறுப்புக்கு அடியில் ஆள் இருந்தார். துடைத்த தகட்டில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

இதெல்லாம் புதிதாக யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1988-லேயே டாகரியன் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகக்காரர்கள், வரலாற்று ஆய்வாளர்கள், இன்றைக்கும் அந்தப் பழைய முறையில் தகடு தயாரிக்கிற கலைஞர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஆண்டு மலர் போடுகிறார்கள், மாநாடு கூட்டுகிறார்கள். பணம் வைத்திருப்பவர்கள் கூடிப் பெருமை பேசுகிற கிளப் என்று இதை நினைக்காதீர்கள். பொருளை வாங்குகிறவரும் அதைப் படிக்கிறவரும் ஒரே அறையில் உட்காருவதுதான் இந்த மாதிரிச் சங்கங்களின் உண்மையான பயன். நம் ஊரில் வாங்குகிறவர் ஒரு பக்கம், படிக்கிறவர் ஒரு பக்கம். நடுவில் விபூதி.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேயும் தயோயூரியா என்ற ரசாயனக் கரைசலில் முக்கி எடுத்துத் தகடுகளைப் பளிச்சென்று ஆக்கினார்கள், அருங்காட்சியகங்களிலும்தான். அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தது. வருடங்கள் போனபின் புள்ளி புள்ளியாகத் திட்டு விழுந்தது, மேற்பரப்பு அரித்தும் போயிருந்தது. அப்புறம் 2005-ல், பாஸ்டனின் சவுத்வொர்த் அண்ட் ஹாஸ் ஸ்டுடியோ எடுத்த டாகரோடைப்புகளை வைத்து நியூயார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தது. சில தகடுகளில் கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளையாகப் படலம் படர்ந்து படம் மங்கியது. அதிர்ந்துபோய், ரோசெஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகமும் அங்குள்ள பல்கலைக்கழக இயற்பியலாளர்களும் சேர்ந்து ஆராய இறங்கினார்கள். குளோரினும் வெளிச்சமும் சேர்ந்தால் வெள்ளிக்கு ஆகாது என்பது அதில் வந்த முக்கியமான பாடம். 1848-ல் எட்டுத் தகடுகளில் எடுத்த அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆற்றங்கரைக் காட்சியை இப்போது எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதில் தூரத்து மணிக்கூண்டில் மணி என்ன என்று படிக்கலாம். அவ்வளவு படித்தவர்கள் கடைசியில் காற்றைத்தான் மாற்றினார்கள். யாரும் பஞ்சைத் தூக்கவில்லை.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1856-லேயே மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கிவிட்டது. அதே வருடம் மாகாண அரசின் புகைப்படக்காரராக வந்த லினேயஸ் ட்ரைப், 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பாகத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அவருடைய காகித நெகட்டிவ்களில் வானம் வெறிச்சென்று விழும், அதனால் வண்ணம் தீட்டி மேகம் வரைந்திருக்கிறார். யாராவது சுத்தக்காரர் கையில் அந்த நெகட்டிவ் கிடைத்தால், "என்னமோ கறை" என்று மேகத்தைத் துடைத்துவிடுவார். நல்லவேளை, கிடைக்கவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பெட்டியோடு வந்த படத்தைப் பிரிக்காதீர்கள். அந்தக் காகித நாடாதான் காற்றை வெளியே நிறுத்துகிறது. சாய்த்துப் பார்க்கும்போது படம் கண்ணாடியாக மின்னி மறைந்து மறைந்து தெரிந்தால் டாகரோடைப். மின்னாமல், கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணியோ கறுப்புப் பூச்சோ இருந்தால் அம்ப்ரோடைப், கண்ணாடியிலேயே எடுத்த படம். அந்தக் கறுப்பைச் சுரண்டினால் படம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அதுவும் நடந்திருக்கிறது. காந்தம் இழுத்தால் டின்டைப், இரும்புத் தகட்டில் எடுத்த படம், ஈரம் பட்டால் துரு. மேல் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் கண்ணாடியே சிதைகிறது என்று அர்த்தம், தகட்டில் சொட்டுவதற்குள் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சுவரில் மாட்டி ஸ்பாட் லைட் போடாதீர்கள். பரணிலும் வேண்டாம், மழையில் ஊறுகிற வெளிச்சுவர் பக்கமும் வேண்டாம், பீரோவின் நடுத்தட்டு போதும்.

டாகரோடைப் எல்லாம் நம்மிடம் ஏது என்கிறவர்களுக்கும் ஒன்று. கொள்ளுத்தாத்தா ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட அந்தப் பழுப்பு அட்டைப் படம் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருவில் செய்த ஆல்புமன் காகிதமாக இருக்கும். அதை லேமினேட் செய்யாதீர்கள். தயவுசெய்து. ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல மனதோடு சூடு போட்டு ஒட்டித் தருவார், அதைப் பிரிக்க எனக்கு இன்றுவரை நல்ல வழி கிடையாது. செலோடேப்பும் வேண்டாம், பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொள்கிற ஆல்பமும் வேண்டாம். ஃப்ரேமுக்கு அடங்கவில்லை என்று அடியட்டையை வெட்டாதீர்கள், ஸ்டுடியோ பெயரும் ஊரும் அதில்தான் அச்சாகியிருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1880 முதலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள், அந்த மாதிரி வேலைக்கு அட்டையில் இருக்கிற அந்த ஒரு வரிதான் பிடி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி அசல் எதற்கு என்று தூக்கியும் போடாதீர்கள்.

வாங்கியது எதுவானாலும் முதலில் இருக்கிறபடியே போனில் நான்கு பக்கமும் படம் எடுத்து, தெரிந்தவரிடம் கேளுங்கள். கொண்டுவருவதாக இருந்தால் கூரியரில் போடாமல், பெட்டியோடு, படுக்கை வசமாக, நேரில் கொண்டுவாருங்கள். துடைத்துவிட்டு வராதீர்கள்.