முடி கொட்டவில்லை, மருந்து வேலை செய்கிறதா?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். வகை என்று சொல்லிவிட்டார்கள். டிரிப்ஸ் இல்லை, ஊசி இல்லை. தினமும் இமாட்டினிப் என்று ஒரு மாத்திரை மட்டும்தான். முடி கொட்டவில்லை, பழையபடி கடைக்குப் போய் வருகிறார். 'இது கேன்சர் மருந்தே இல்லை, உங்களை ஏமாற்றுகிறார்கள்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையில் இந்த மாத்திரை என்ன செய்கிறது?"

யாரும் ஏமாற்றவில்லை அம்மா. முடி கொட்டாததுதான் இந்த மருந்தின் பெருமை. வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் எல்லாச் செல்களையும் அடிக்கும். முடியின் வேர், குடலின் உட்சுவர் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். இமாட்டினிப் முக்கியமாகத் தேடிப் போவது ஒரே ஒரு நொதியை. அது எப்படி முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த மருந்தை நோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்தவர் பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவர். இடம், அமெரிக்காவின் வடமேற்கில் போர்ட்லாந்து நகரத்திலுள்ள ஓரிகன் ஹெல்த் அண்டு சயின்ஸ் பல்கலைக்கழகம். மருத்துவம், செவிலியம், ஆராய்ச்சிக் கூடங்கள், பெரிய மருத்துவமனை எல்லாம் மார்க்வாம் குன்றின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அதை 'பில் ஹில்', அதாவது மாத்திரைக் குன்று என்று கூப்பிடுகிறார்கள். வில்லமெட் ஆற்றங்கரையில் இருக்கும் கீழ் வளாகத்திலிருந்து மேலே போக ரோப் கார் உண்டு. நீளம் 3,300 அடி, ஏற்றம் 500 அடி, பயணம் சுமார் 4 நிமிடம். இரண்டு பெட்டிகள், ஒன்றின் பெயர் ஜீன், மற்றொன்று வால்ட். அங்கே மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான வால்ட் ரெனால்ட்ஸின் நினைவாக வைத்த பெயர் வால்ட். கீழே நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாக சைக்கிள்கள் நிற்கும். மேலே போகும் பெட்டியில் பாடம் படிக்கும் மாணவர், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வுக்கூட ஊழியர், ரத்தம் கொடுக்கப் போகும் நோயாளி மூவரும் தோளோடு தோள் நிற்பார்கள். ட்ரூக்கர் 1993-இல் அங்கே சேர்ந்தபோது ரோப் கார் இல்லை, அது 2006 கடைசியில்தான் ஓடத் தொடங்கியது. ஆனால் நோயாளியும் சோதனைக் குழாயும் ஒரே குன்றில் என்ற ஏற்பாடு அப்போதும் இருந்தது.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், சி.எம்.எல். நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரவுலி என்ற பெண்மணி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்து விடை கண்டுபிடித்தார். 9-ஆவது குரோமோசோமின் துண்டும் 22-ஆவதின் துண்டும் இடம் மாறியிருந்தன. அப்படி ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்பட மரபணு பிறக்கிறது. அது உண்டாக்கும் நொதி, வெள்ளையணுக்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் உத்தரவு போடுகிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி.

பிசிஆர், ஏபிஎல் இரண்டும் ஒட்டிய இந்த நொதியில் வேலையைச் செய்யும் பகுதி ஏபிஎல். அது ஒரு கைனேஸ். கைனேஸ் என்றால், செல்லின் எரிபொருளான ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி வேறொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதி. அந்த ஒட்டுதான் செல்லுக்குள் போகும் கட்டளை. நல்ல ஏபிஎல்-இல், அதன் நுனியே வளைந்து வந்து தன் உடம்பிலுள்ள ஒரு குழியில் செருகிக்கொண்டு நொதியை அடக்கி வைக்கும். பிசிஆர் வந்து ஒட்டியதும் அந்த நுனி போய்விடுகிறது. சுவிட்ச் 'ஆன்' பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்படியானால் ஏடிபி உட்காரும் குழியை அடைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். நம் உடம்பில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. ஏடிபி உட்காரும் குழி அத்தனையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை அடைக்கப் போனால் நூறு அடைபடும் என்று அந்தக் காலத்தில் பலர் கையை விரித்தார்கள்.

குடையை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் விரித்துப் பிடித்த குடைகளை மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு வட்டம். மடக்கிவிட்டால் ஒன்று கைத்தடி போல நீளும், ஒன்று மூன்றாக மடிந்து கைப்பைக்குள் போகும். கைனேஸ்களும் அப்படித்தான். வேலை செய்யும்போது எல்லாவற்றுக்கும் ஒரே முகம், ஓயும்போது ஒவ்வொன்றும் ஒரு விதமாக மடியும். இமாட்டினிப் தேடுவது விரிந்த குடையை அல்ல, ஏபிஎல் மடங்கியிருக்கும் கோலத்தை. மடிப்புக்குள் ஒரு குச்சியைச் செருகிவிட்டால் குடையை விரிக்க முடியாது அல்லவா? அதைத்தான் இது செய்கிறது.

எப்போதும் 'ஆன்' ஆகியிருக்கும் நொதி எப்போது மடங்கும் என்று கேட்பீர்கள். மூலக்கூறு என்பது சிலை இல்லை. அது ஓயாமல் அதிர்ந்து, நெளிந்து, விரிந்து மடங்கிக்கொண்டே இருக்கும். பிசிஆர்-ஏபிஎல் கூட நடுநடுவே நொடிக்கும் குறைவான நேரம் மடங்கும். மருந்துக்கு அந்தக் கணம் போதும். உள்ளே போனதும், நொதியே மருந்தைச் சுற்றி இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறது. பிடியின் பலத்தில் பெரும்பங்கு அந்த இறுக்கத்தில்தான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

மடங்கிய ஏபிஎல்-ஐ இந்த மருந்தின் ஒரு மாற்று வடிவம் பிடித்திருப்பதைப் படிகமாக்கி 2000-இல் படமெடுத்துக் காட்டியது நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் குரியனின் குழு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அவர்.

இமாட்டினிப் அப்பழுக்கில்லாதது என்று சொல்லமாட்டேன். கிட் என்ற கைனேஸையும் அது பிடிக்கும். தோலின் நிறமிச் செல்களுக்குக் கிட் வேண்டும். அதனால் அப்பா கொஞ்சம் வெளுத்துப் போயிருந்தால் பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும். சிலருக்குக் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்காலில் சதை பிடிக்கும். அதே கிட் கோளாறால் வரும் ஒரு வயிற்றுக் கட்டிக்கும் இதே மாத்திரை மருந்தானது இன்னொரு கதை.

மூலக்கூறு உருவானது சுவிட்சர்லாந்தில், சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழுவிடம். ட்ரூக்கர் அதைத் தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். நோய்ச் செல்கள் செத்தன, நல்ல செல்கள் பிழைத்தன. 1996-இல் முடிவு அச்சில் வந்தது. ஆனால் அமெரிக்கா முழுக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் பேருக்கே வரும் நோய் என்பதால் நிறுவனம் தயங்கியது. ட்ரூக்கர் விடாமல் நச்சரித்தார். 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. தினம் 300 மில்லிகிராமுக்குக் குறையாமல் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சாதாரண நிலைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இதில் எனக்கொரு ஆதங்கம். 1960-இல் குட்டைக் குரோமோசோமைப் பார்த்தவர்களிடம் "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் வர 40 ஆண்டு ஆனது. மூன்றே ஆண்டில் பலன் காட்டு என்று கேட்கும் நிதித் திட்டங்களால் இப்படிப்பட்ட ஆராய்ச்சியை வளர்க்க முடியாது. இதை நம் அரசுகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பாவின் மாத்திரை கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இதன் பீட்டா படிக வடிவத்துக்கு, சீபா-கைகியின் வாரிசான நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அந்த மறுப்புக்கு இடம் கொடுத்த சட்டப் பிரிவையே எதிர்த்து நிறுவனம் போட்ட வழக்கு 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. அப்போது நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் 1 லட்சத்துக்கு மேல் செலவு, நம் ஊர்க் கம்பெனிகளின் மருந்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள்.

அப்புறம், அந்தச் சொந்தக்காரர்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த லேகியத்தைச் சாப்பிடு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குச்சியை உருவினால் குடை மறுபடி விரியும். பல ஆண்டுகள் நோய்ச் சுவடே தெரியாத சிலருக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. சில நேரம் நொதியே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு மருந்தை நழுவ விடுவதும் உண்டு. அதற்கு டாசாட்டினிப், பொனாட்டினிப் என்று மாற்று மருந்துகள் வந்துவிட்டன. அந்த 'டாசா' ஜகபந்து தாஸ் என்ற வேதியியலாளரின் பெயரிலிருந்து வந்தது.

மாத்திரையை அப்பா வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கட்டும். வெறும் வயிற்றில் குமட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து பிசிஆர்-ஏபிஎல் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். முதல் மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள்ளும் இறங்கினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அடுத்த முறை சொந்தக்காரர்கள் வந்தால் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.